மாலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேலை: ஒப்புக்கொள்ளும் முன் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு 58 வயது. சென்னையில் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 92 கிலோ. நரைத்த குறுந்தாடி உண்டு. எங்கள் சபை கேரல் ரவுண்ட்ஸில் (வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது) பல வருடம் கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஆடியிருக்கிறேன். அதைப் பார்த்த ஒரு ஈவென்ட் கம்பெனிக்காரர், டிசம்பர் 14 முதல் 25 வரை ஒரு மாலில் தினமும் மாலை 4 முதல் 9 வரை தாத்தாவாக உட்கார முடியுமா என்று கேட்கிறார். அதற்கு முந்தைய இரண்டு நாள் குழந்தைகள் இல்லங்களில் நிகழ்ச்சியாம். உடை அவர்களே தருவார்களாம். எவ்வளவு கேட்கலாம்? என்ன தயாரிப்பு வேண்டும்? சர்க்கரையும் பிபியும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். இதை வருடா வருடம் தொழிலாகவே செய்ய முடியுமா?

பதில்: செய்யலாம் ஐயா. ஆனால் கேரல் ரவுண்ட்ஸ் பழக்கத்தை அப்படியே மாலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே முகமூடி போட்டு, டிரம்முக்கு ஆடி, மிட்டாய் இறைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மாலில் ஒரே நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, அரை அடி தூரத்தில் வந்து நிற்கும் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். பிளாஸ்டிக் முகமூடி அங்கே உதவாது. அசையாத வாயைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் அலறிவிடும். இந்த வேலை நன்றாக நடக்குமா நடக்காதா என்பது நாற்காலியில் உட்காருமுன்பே, கம்பெனியிடம் நீங்கள் எதையெதைப் பேசி முடித்தீர்கள் என்பதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

தொழிலா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் எட்கர் என்ற கடைக்காரர் 1890இல் தன் கடையிலேயே தாத்தா வேடமிட்டு வலம் வந்தார். கடைகளில் தாத்தாவை நிறுத்தும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவராக அவரைச் சொல்வார்கள். 1937இல் சார்லஸ் ஹோவர்ட் தொடங்கிய தாத்தா பயிற்சிப் பள்ளி மிச்சிகனில் மிட்லண்ட் ஊரில் இன்னும் நடக்கிறது. அமெரிக்காவில் வருடத்தில் ஆறு வாரம் இதைச் செய்து நல்ல வருமானம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் பருவம் இரண்டு வாரம்தான், அதனால் இதையே பிழைப்பாக நம்ப முடியாது. ஆனால் ஒழுங்காகச் செய்பவரை அடுத்த டிசம்பரில் தேடிவந்து கூப்பிடுவார்கள்.

முதலில் நேரக் கணக்கு. மாலை 4 முதல் 9 என்றால் ஐந்து மணி நேரமும் நாற்காலியில் இருக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் கால் மணி நேரம் உள்ளே போக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு, படம் எடுப்பதையும் சேர்த்து, ஒரு நிமிடம் ஆகும். அழும் குழந்தை, எட்டுப் பேராக வரும் குடும்பம் இவற்றுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் மணிக்கு 40 டோக்கன், மாலை முழுக்க 200. கம்பெனி ஆட்கள் 400 டோக்கன் கொடுத்துவிட்டு ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று விரட்டுவதுதான் மால்களில் அடிக்கடி நடக்கும் தப்பு. வரிசையில் ஒரு மணி நேரம் நின்று களைத்த குழந்தை உங்களிடம் வரும்போதே அழுதுகொண்டு வரும், பெற்றோர் கோபம் உங்கள் மேல் திரும்பும். டோக்கன் எண்ணிக்கையை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். கடைசி டோக்கன் எட்டரையோடு நிற்கட்டும். நீங்கள் உள்ளே போகும்போது நாற்காலியில் ஒரு பலகை: ‘தாத்தா மானுக்குத் தீனி வைக்கப் போயிருக்கிறார், 6 மணிக்கு வருவார்.’ நேரம் எழுதியிருந்தால் வரிசை பொறுமையாக நிற்கும்.

உதவியாளர் இருவர் வேண்டும். ஒருவர் வரிசையின் தலையில் நின்று பெயர், வகுப்பு, கூட வந்த தம்பி தங்கை பெயர் இவற்றைக் கேட்டு, குழந்தையைக் கூட்டிவரும்போது உங்கள் காதில் போட வேண்டும். மற்றவர் பார்த்து முடித்தவர்களை வெளியே அனுப்ப வேண்டும். ஒருவர்தான் தருவோம் என்றால் முதல் ஆளையே கேளுங்கள். ‘வா நிலா, இரண்டாங்கிளாஸ் எப்படிப் போகுது?’ என்று தாத்தா கேட்கும்போது அந்தக் குழந்தையின் முகம் மாறுவதைப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

அலங்கார சிம்மாசனத்தை மறுத்துவிடுங்கள். கைப்பிடி உயரமாக இருக்கும், பக்கத்தில் குழந்தைக்கு இடமிருக்காது, கடைசியில் மடியில்தான் வைப்பார்கள். நான்கு அடி அகலமுள்ள, கைப்பிடி இல்லாத பெஞ்ச் அல்லது சோபா, தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில், கெட்டியான மெத்தையோடு கேளுங்கள். குழந்தை உங்கள் பக்கத்தில் உட்காரும் அல்லது முன்னால் நிற்கும். மடி வேண்டாம், தூக்குவதும் வேண்டாம். ஒரு மாலையில் முப்பது முறை 15 கிலோவைத் தூக்கினால் இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு படத்திலும் உங்கள் இரு கைகளும் வெளியே தெரிய வேண்டும். குழந்தையோடு தனியாக ஒரு நொடியும் இருக்கக் கூடாது. உடை மாற்றப் பூட்டுள்ள அறை, ஊழியர் கழிவறை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பாதி உடையில் தாத்தா பொதுக் கழிவறையில் நிற்பதைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது.

அடுத்து உடை. கம்பெனி தருவது பெரும்பாலும் ஒரே அளவில் தைத்த மெல்லிய பாலியஸ்டர் உடையாக இருக்கும். போன வருடத்து வியர்வை வாடையும் கூடவே வரும். நவம்பர் முதல் வாரத்திலேயே கையில் வாங்கிப் போட்டுப் பாருங்கள். வருடா வருடம் செய்யும் எண்ணமிருந்தால் சொந்தமாகத் தைப்பதுதான் சரி. உங்கள் உடம்புக்கு 44 அங்குல அகல வெல்வெட் ஆறு மீட்டர், வெள்ளை ஃபர் துணி ஒரு மீட்டர் போதும். பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த விலைக் கடைகள் இருக்கின்றன. வெல்வெட்டைத் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். எல்லாத் துண்டுகளையும் அந்த இழை ஒரே திசையில் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்க ஒரு கையைத் தலைகீழாக வெட்டிவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை மட்டும் வேறு சிவப்பாகத் தெரியும். ஃபர் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் முடி குட்டையாகி ஓரம் மொட்டையாகும். பின்புறமிருந்து பிளேடால் அடித்துணியை மட்டும் கீற வேண்டும். ஃபர் பட்டைகளைத் தைத்துவிடாமல் பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றும்படி செய்யுங்கள். முதலில் அழுக்காவது கழுத்தும் மணிக்கட்டும்தான், அவற்றை மட்டும் கழற்றித் துவைக்கலாம்.

உள்ளே சாட்டின் லைனிங் வேண்டாம், வியர்வையை அடைத்துவைக்கும். மெல்லிய பருத்திதான் வேண்டும். பேன்ட்டுக்கு பெல்ட்டை நம்பாமல் தோள்பட்டை நாடா வையுங்கள். உங்கள் எடைக்குத் தொப்பை வைக்கத் தேவையில்லை. வெள்ளைக் கையுறை மட்டும் ஒரு நாளைக்கு மூன்று ஜோடி, பருத்தியில். ஐஸ்கிரீம் கைகளைப் பிடித்த கையுறை ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

தாடிதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். தாடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரோ சற்று அதிகமோ வளரும். இன்று முதல் வளர்த்தாலும் டிசம்பருக்குள் மார்பு வரை வராது. அடுத்த வருடத்துக்குச் சொந்தத் தாடியைத் திட்டமிடுங்கள், மார்ச்சிலிருந்து கத்தரி படாமல் விடுங்கள். இந்த வருடம் ஒட்டுத் தாடிதான். பண்டிகைக் கடைகளில் கிடைக்கும் எலாஸ்டிக் போட்ட பஞ்சுத் தாடியில் வாய் மறைந்துவிடும், பேசினால் மேலும் கீழும் ஆடும், ஒரு குழந்தை இழுத்தால் தாடை தெரியும். வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் சினிமாவுக்கு விக் செய்பவர்களிடம் வலைத்துணியில் முடி கோத்த தாடியும், மீசை தனியாகவும் செய்யச் சொல்லுங்கள். மீசை தனியாக இருந்தால்தான் பேசும்போது தாடி அசையாது, உதடும் தெரியும். சிரிப்பது தெரியாத தாத்தாவைக் குழந்தை நம்பாது.

ஒட்டும் பசையை முதல் நாள் முகத்தில் பூசிப் பார்க்காதீர்கள். முழங்கை மடிப்பில் சிறிது தடவி 24 மணி நேரம் பாருங்கள், சிவந்தால் வேறு பசை. மழமழவென்று சவரம் செய்த தோலில்தான் பசை நிற்கும், உங்கள் குறுந்தாடியை எடுத்துவிட வேண்டியிருக்கும். சவரத்தை முந்தைய இரவே முடித்துவிடுங்கள், செய்த கையோடு பசை தடவினால் எரியும். கழற்றும்போது பிய்க்காமல் அதற்கான திரவத்தைத் தூரிகையால் ஓரத்தில் விட்டு விட்டுக் கழற்றுங்கள். சர்க்கரை இருக்கும் உடம்பில் தோல் கிழிந்தால் ஆற நாளாகும், பன்னிரண்டு நாள் தொடர்ந்து ஒட்ட வேண்டியவர் நீங்கள். பசை ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் காதுக்கும் தலைக்கும் நாடா வைத்த நல்ல தாடி போதும். முதலில் தாடி, அதன் நாடாவை மறைத்து விக், அதன்மேல் தொப்பி. தொப்பியை விக்கோடு ஊசியால் குத்திவிடுங்கள்.

வெள்ளை முடிக்குக் கீழே கறுத்த புருவம் இருந்தால் வேடம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் கரையும் வெள்ளை மேக்கப்பைப் பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டு, புருவத்தை எதிர்த்திசையில் வாரிப் பிறகு படிய வாருங்கள், மேலே கொஞ்சம் பவுடர். ஆனால் முகத்தை வெளுக்க ரோஸ் நிறம் அப்பச் சம்மதிக்காதீர்கள். ஒரு மணி நேர வியர்வையில் அது கோடு கோடாக வழியும், கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக நிற்கும். எந்தப் புனிதரின் பெயரால் இந்தத் தாத்தா வந்தாரோ அந்த நிக்கொலாஸ் இன்றைய துருக்கியில் உள்ள மைராவில் ஆயராக இருந்தவர். நம் பிள்ளைகளுக்கு அவர்கள் தாத்தா நிறத்தில் ஒரு தாத்தா இருப்பதில் குறைவு ஒன்றுமில்லை. கன்னத்தில் லேசான சிவப்பு போதும்.

உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலுக்குள் ஏசி இருந்தாலும் வெல்வெட்டும் விக்கும் சேர்ந்தால் நன்றாக வியர்க்கும். கம்பெனி இடையில் ‘அரை மணி நேரம் வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுங்கள்’ என்று கேட்கும். டிசம்பரிலும் சென்னை மாலை வெயிலும் புழுக்கமும் உங்களுக்கு ஆகாது, மறுத்துவிடுங்கள். பிபி மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போக்கும், வியர்வையும் சேர்ந்தால் தலைசுற்றும். ஒப்புக்கொள்ளும் முன்பு மருத்துவரிடம் ‘கனமான உடையில் ஐந்து மணி நேரம்’ என்று வேலையை விவரமாகச் சொல்லி மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் தொப்பியையும் கோட்டையும் கழற்றுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் ஸ்ட்ராவில் குடியுங்கள், மீசை நனையாது. மாலை 3 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், 6 மணி இடைவேளையில் சுண்டலோ இரண்டு இட்லியோ. சர்க்கரை இறங்கினால் உடனே போட்டுக்கொள்ளக் கோட்டுப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், உதவியாளருக்கும் அது தெரிந்திருக்கட்டும். பூண்டு, வெங்காயம், புகை, மது எதுவும் வேலை நாளில் கூடாது. தாடி வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

குழந்தைகளிடம் வருவோம். எட்டு மாதம் முதல் மூன்று வயது வரை புதுமுகத்துக்குப் பயப்படுவது இயல்பு. அந்த வயதுக் குழந்தை வந்தால் நீங்கள் கையை நீட்டாதீர்கள், நேராக உற்றுப் பார்க்காதீர்கள். அம்மாவை உங்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவரிடம் பேசுங்கள், குழந்தை அவர் மடியிலேயே இருக்கட்டும். ‘ஹோ ஹோ’ சத்தத்தை அடக்கி வாசியுங்கள். அப்பாவோ போட்டோகிராபரோ கதறும் குழந்தையை உங்கள் கையில் திணித்துவிட்டு ஓடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அம்மாவோடு சேர்ந்த படமே நல்ல படம்.

‘உனக்கு என்ன வேணும்?’ என்று ஆரம்பித்தால் பாதிப் பிள்ளைகள் ஊமையாகிவிடும். ‘இந்த ஷூ யார் வாங்கித் தந்தா?’ என்று கண்ணில் படுவதைக் கேளுங்கள். பரிசு எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். சைக்கிள் கேட்டால் ‘சைக்கிளா! என்ன கலர்ல?’ என்று ஆர்வமாகக் கேட்டுவிட்டு, ‘நீ சொன்னத தாத்தா கேட்டுக்கிட்டேன்’ என்று நிறுத்துங்கள். வாங்கித்தர முடியாத பெற்றோர் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார்கள். ‘சாப்பிடலேன்னா பரிசு கிடையாதுன்னு சொல்லுங்க’ என்று சிலர் கேட்பார்கள். அதைச் சொல்ல வேண்டாம், ‘அம்மா செய்ற தோசை எனக்கும் ஆசையா இருக்கு’ என்று திருப்பிவிடலாம். மாலுக்கு எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள், ‘சர்ச்சுக்குப் போனியா?’ என்று கேட்காதீர்கள். ‘இறந்துபோன அப்பாவைத் திரும்பக் கொண்டுவா’ என்று ஒரு குழந்தை கேட்கக்கூடும். அப்போது வரிசையை மறந்துவிடுங்கள். ‘அது தாத்தாவால முடியாதும்மா. அப்பாவோட சேர்ந்து செஞ்சதுல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?’ என்று கேட்டு, அது சொல்வதை முழுக்கக் கேளுங்கள். மிட்டாய் கொடுப்பதானால் பெற்றோர் கையில் கொடுங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடினமான மிட்டாய் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு கேட்பது? ஐந்து மணி நேர வேலை உண்மையில் ஏழு மணி நேரம். வேடம் போட ஒன்றரை, கலைக்க அரை மணி. உதாரணமாக உடை, தாடி, பூட்ஸ் எல்லாம் 24,000 ரூபாய் ஆகி மூன்று டிசம்பர் உழைக்கும் என்றால், வருடத்துக்கு 12 நாள் கணக்கில் நாளொன்றுக்கு 667 ரூபாய் தேய்மானம். போக்குவரத்து, சலவை, பசை, கையுறை சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் வருவதுதான் உங்கள் கூலி. கம்பெனி உங்களை கரடிப் பொம்மை உடையில் நின்று கையாட்டும் பையன்களின் கூலியோடு ஒப்பிடும், அதை ஏற்காதீர்கள். மைக் பிடிக்கும் தொகுப்பாளருக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு அதன் பக்கத்தில் பேரம் பேசுங்கள். 24, 25 தேதிகளுக்கு ஒன்றரை மடங்கு. பாதி முன்பணம், மீதி 25ஆம் தேதி வேடம் கலைக்கும் முன். ‘கிளையன்ட் தந்ததும் தருகிறோம்’ என்பதற்குச் சம்மதித்தால் பணம் மார்ச்சில் வரலாம், வராமலும் போகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கிப்போட்டது நினைவிருக்கும். மழையால் மால் மூடினால் அந்த நாளுக்கு என்ன தொகை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஒப்பந்தப் பத்திரம் வேண்டாம். தேதி, நேரம், இடைவேளை, டோக்கன், தொகை, கூடுதல் மணிக்கு எவ்வளவு என்று வாட்ஸப்பில் அனுப்பி ‘சம்மதம்’ என்று பதில் வாங்கினாலே போதும். டிடிஎஸ் (தொகையிலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்தால் சான்றிதழ் கேளுங்கள்.

குழந்தைகள் இல்லத்து இரண்டு நாட்களை இலவசமாகச் செய்வதா என்பது உங்கள் மனது. ஆனால் நன்கொடை தருபவர் கம்பெனிக்குப் பணம் கட்டியிருக்க, உங்களை மட்டும் ‘சேவை’ என்று கூப்பிடுகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லத்துக்கு நேரடியாகச் செய்தால் இலவசமாகச் செய்யலாம், கம்பெனி வழியாகப் போனால் கூலி வாங்கலாம், வேண்டுமென்றால் அதை இல்லத்துக்கே கொடுக்கலாம். உண்டியல் பெட்டியை நீங்கள் தனியாக ஏந்தாதீர்கள். அதன் சாவியும் ரசீதும் இல்லத்தார் கையில் இருக்கட்டும்.

பரிசுப் பட்டியலை ஒரு வாரம் முன்பே வயதுவாரியாக வாங்குங்கள். 60 பிள்ளைகள் என்றால் 66 பரிசு, ஏனென்றால் சமையல்கார அம்மாவின் பிள்ளை அங்கே கட்டாயம் இருக்கும். ஒரே வயதுக்கு ஒரே மதிப்பில், ஒரே தாளில் சுற்றியிருக்க வேண்டும். நன்கொடையாளர் பேச்சு முடியும்வரை பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உட்காரவைக்கும் நிகழ்ச்சியானால், பேச்சுக்கு முன்பே தாத்தா வர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளமோ படமோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74, தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனியின் இன்ஸ்டாகிராமுக்கு வேண்டுமானால் உங்கள் படத்தையும் பரிசுக் குவியலையும் எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கும் இதே விதிதான்.

ஒரு குழந்தை, யாரோ தன்னை அடிப்பதாகவோ தொடுவதாகவோ உங்கள் காதில் சொன்னால், குடைந்து கேள்வி கேட்காதீர்கள், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்கும் கொடுக்காதீர்கள். ‘சொன்னது நல்லதும்மா’ என்று மட்டும் சொல்லுங்கள். வேடம் கலைத்ததும் குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) எல்லோருக்கும் கட்டாயம். இல்லத்து நிர்வாகியிடம் சொன்னதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது, புகார் அவரைப் பற்றியே இருக்கவும் கூடும்.

மருத்துவமனைக்கும் கூப்பிட்டால், உடை அன்றுதான் துவைத்ததாக இருக்க வேண்டும், இருமலோ சளியோ இருந்தால் போகக் கூடாது. புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ் சொல்லும் தூரத்திலேயே நில்லுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பரிசு துடைக்க முடியாத பஞ்சுப் பொம்மையாக இருந்தால் வார்டில் வாங்க மாட்டார்கள், கதைப் புத்தகமும் கிரேயானும் கொண்டுபோங்கள்.